சளி அறிக்கைகள் மூன்று விதமாகச் சொல்லும்போது எதை நம்புவது?

கேள்வி: கொட்டாஞ்சேனையில் வசிக்கிறோம். அப்பாவுக்கு 58 வயது; புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்குப் பார்க்கிறார். நான்கு வருடங்களுக்கு முன் காசநோய் வந்து, ஆறு மாதமும் குளிசைகளைத் தவறாமல் குடித்துக் குணமானவர். இப்போது இரண்டு மாதமாக இருமல், பின்னேரங்களில் காய்ச்சல், உடம்பும் மெலிந்துவிட்டது. வீட்டுக்கு அருகிலுள்ள டொக்டர் பத்து நாளுக்கு லெவோஃப்ளொக்சசின் தந்தார். கொஞ்சம் சுகமாகி மறுபடியும் தொடங்கிவிட்டது. தனியார் ஆய்வுகூடத்தில் இரண்டு தடவை சளி பார்த்தோம். கிருமி இல்லை என்றார்கள். மார்பு நோய் கிளினிக்கில் ஜீன் எக்ஸ்பேர்ட் அல்ட்ரா செய்தபோது 'ட்ரேஸ்' என்றும், ரிஃபாம்பிசின் எதிர்ப்பு 'தீர்மானிக்க முடியவில்லை' என்றும் வந்தது. மறுபடியும் சளி கேட்கிறார்கள். வளர்ப்புப் பரிசோதனைக்கும் அனுப்பி, ஆறு முதல் எட்டு வாரம் வரை ஆகலாம் என்கிறார்கள். இரத்தத்தில் ஒரே நாளில் பார்க்கலாமே என்று மாமா கேட்கிறார். சென்னைக்குக் கொண்டுபோவோம் என்று அம்மா அழுகிறார். இது மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயா? தட்டு, கோப்பைகளை வேறாக வைக்க வேண்டுமா? அப்பா கடைக்குப் போகலாமா?

பதில்: அன்புள்ள வாசகி, நான் நோயாளிகளைப் பார்க்கும் மார்பு நோய் வைத்தியர் அல்லேன், அவர்கள் அனுப்பும் சளியை ஆய்வுகூடத்தில் இருந்து பார்க்கும் நுண்ணுயிரியல் வைத்தியர். ஆகவே சிகிச்சையைத் தொடங்குவதா, பொறுத்திருப்பதா என்ற முடிவை உங்கள் தந்தையாரை நேரில் பார்க்கும் வைத்தியரிடமே விட்டுவிட்டு, உங்கள் கையிலுள்ள அறிக்கைகள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை என்பதை மட்டும் எழுதுகிறேன். அவை ஒன்றோடொன்று முரண்படுவதாக எனக்குத் தோன்றவில்லை. ஒவ்வொரு பரிசோதனையிடமும் கேட்கப்பட்ட கேள்வி வேறு.

முதலில் அந்த இரண்டு 'கிருமி இல்லை' அறிக்கைகளை எடுத்துக்கொள்வோம். ரொபேர்ட் கொக் 1882 மார்ச் 24ஆம் திகதி பேர்லினில் காசநோய்க் கிருமியை அறிவித்ததை அடுத்து உருவான சீல்–நீல்சன் சாயமிடும் முறைதான், சிறு மாற்றங்களுடன், இன்றும் கண்ணாடித் தகட்டில் பயன்படுகிறது. இந்தக் கிருமியின் மேலுறை மெழுகு போன்றது. சூடாக்கி ஏற்றிய சிவப்புச் சாயத்தை அமிலம் கலந்த மதுசாரத்தால் கழுவினாலும் அது விடாது. மற்றவை எல்லாம் நிறமிழந்து, பிறகு இடும் நீலச் சாயத்தை ஏற்கும். நீலப் பின்னணியில் சிவந்த மெல்லிய குச்சிகள் தெரிந்தால் கிருமி உண்டு என்று எழுதுகிறோம். இல்லை என்று எழுதுவதற்கு முன் நுணுக்குக்காட்டியின் கீழ் நூறு பார்வைப் புலங்களையாவது தேட வேண்டும். ஆனால் ஒரு மில்லிலீற்றர் சளியில் ஏறத்தாழ 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் அவை கண்ணில் படும். ஆகவே காசநோய் உள்ளவர்களில் பெரும் பங்கினரை இந்த முறை தவறவிடுகிறது. தனியார் ஆய்வுகூடம் பிழை விட்டது என்று இதிலிருந்து முடிவுகட்ட வேண்டாம். 'கண்ணில் படும் அளவுக்கு இல்லை' என்பதே அந்த அறிக்கையின் முழுப் பொருள்.

ஜீன் எக்ஸ்பேர்ட் கருவி கிருமியின் உடலைத் தேடுவதில்லை; அதன் டி.என்.ஏ.யைத் தேடிப் பல மடங்காகப் பெருக்கிப் பார்க்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2010 டிசம்பரில் இதன் முதல் வடிவத்தைப் பரிந்துரைத்தது. 2017இல் பரிந்துரைக்கப்பட்ட அல்ட்ரா வடிவத்துக்கு ஒரு மில்லிலீற்றரில் பதினாறு கிருமிகள் அளவில் இருந்தாலே போதும். கண்ணாடித் தகடு 'இல்லை' என்றதும் கருவி 'மிகச் சிறிதளவு உண்டு' என்றதும் ஒரே சளியைப் பற்றிய இரண்டு உண்மைகளாக இருப்பது முற்றிலும் இயல்பானது.

'ட்ரேஸ்' என்ற சொல்லைச் சற்று நின்று பார்க்க வேண்டும், உங்கள் கவலையின் வேர் அங்கேதான் இருக்கிறது. அல்ட்ரா இருவகை இலக்குகளைத் தேடுகிறது. முதல் வகை, கிருமியின் டி.என்.ஏ.யில் பல பிரதிகளாகத் திரும்பத் திரும்ப வரும் துண்டுகள். ஒரே கிருமியில் பல இருப்பதால் இவை எளிதில் அகப்படும். இரண்டாவது, ஆர்.பி.ஓ.பி. என்ற பரம்பரை அலகில் 81 எழுத்துகள் நீளமான ஒரு பகுதி. அது ஒரு கிருமிக்கு ஒரே பிரதிதான். காசநோயின் முதன்மை மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்புப் பெற்ற கிருமிகளில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தில் மாற்றம் அந்தச் சிறு பகுதிக்குள்ளேயே நிகழ்ந்திருப்பதால், எதிர்ப்பை அங்கே தேடுகிறார்கள். சளியில் கிருமியின் அளவு மிகக் குறைவாக இருக்கும்போது பல பிரதித் துண்டு அகப்பட்டு, ஒற்றைப் பிரதித் துண்டு அகப்படாமல் போகலாம். அந்த நிலைக்கே ட்ரேஸ் என்று பெயர். ட்ரேஸ் வந்தால் ரிஃபாம்பிசின் பகுதியில் 'தீர்மானிக்க முடியவில்லை' என்றுதான் வரும். கருவியின் அமைப்பே அப்படி. உங்கள் கேள்விக்கு நேரான பதிலும் இதில் இருக்கிறது: இந்த அறிக்கை மருந்து எதிர்ப்பைக் கண்டதாகவும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. படிப்பதற்குப் போதிய எழுத்து கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

ட்ரேஸ் முடிவைச் சிறு பிள்ளைகளிலும் எச்.ஐ.வி. உள்ளவர்களிலும் காசநோய் உண்டு என்றே எடுத்துக்கொள்வார்கள். மற்றப் பெரியவர்களில் புதிய சளியில் இன்னொரு தடவை செய்து பார்ப்பது முறை. உங்கள் தந்தையாரிடம் அதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. நான்கு வருடங்களுக்கு முன் அவருக்கு இதே நோய் இருந்தது. செத்த கிருமியின் டி.என்.ஏ. பழைய தழும்புகளில் தங்கியிருந்து சில வருடங்களுக்குச் சளியோடு வெளிவரக் கூடும் என்பதும், கருவிக்கு உயிருள்ளதும் செத்ததும் ஒன்றே என்பதும் எங்களுக்கு நன்றாகத் தெரிந்தவை. முன்பு சிகிச்சை பெற்றவர்களில், குறிப்பாகக் கடந்த ஐந்து வருடங்களுக்குள் பெற்றவர்களில், ட்ரேஸை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுத முடியாது. மறுபுறம், இரண்டு மாத இருமலும் மெலிவும் பின்னேரக் காய்ச்சலும் உள்ள ஒருவரிடம் அது பழைய மிச்சமாகத்தான் இருக்கும் என்று தள்ளிவிடவும் முடியாது. கிளினிக்கில் மறுபடியும் சளி கேட்டதும், வளர்ப்புக்கு அனுப்பியதும் இந்தக் காரணத்தால்தான். உங்களை அலைக்கழிக்கிறார்கள் என்று நினைத்திருந்தால் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள்; நான் அந்த இடத்தில் இருந்தாலும் இதையே கேட்டிருப்பேன். முந்தைய எக்ஸ்ரே படங்கள் வீட்டில் இருந்தால் தேடி எடுத்துக் கொடுங்கள். பழைய தழும்புக்கும் புதிய நிழலுக்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் காண முடியும்.

உயிர் உண்டா என்று சொல்லக் கூடியது, சளியிலுள்ள கிருமியை ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புப் பரிசோதனை மட்டுமே. இது தாமதமாவதற்கு உத்தியோகத்தர் எவரும் பொறுப்பில்லை. வயிற்றோட்டத்தை உண்டாக்கும் சாதாரணப் பற்றீரியா இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பெருகும். காசநோய்க் கிருமி அதே வேலைக்கு 18 முதல் 24 மணித்தியாலங்கள் எடுத்துக்கொள்ளும். முட்டையும் பச்சைச் சாயமும் கலந்து சரிவாக உறையவைத்த லெவன்ஸ்டைன்–ஜென்சன் ஊடகத்தில் கண்ணுக்குத் தெரியும் குவியலாக வளர மூன்று முதல் எட்டு வாரம் ஆகும். பயிற்சிக் காலத்தில் அந்தப் பச்சைக் குழாய்களை வாரந்தோறும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. பூக்கோவா துகளைப் போல மங்கிய மஞ்சளாக ஒன்று முளைத்திருக்கும் காலையில் ஆய்வுகூடம் முழுவதும் அதைப் பார்க்க வந்துவிடும். எம்ஜிட் என்று அழைக்கப்படும் திரவ ஊடகம் இதைவிட விரைவானது. கிருமி வளரும்போது குழாயிலுள்ள ஒட்சிசன் குறைவதைக் கருவி மணிக்கொரு தடவை ஒளியால் அளக்கும். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் சைகை காட்டிவிடும். ஆனாலும் 'வளரவில்லை' என்று கையொப்பமிட 42 நாட்கள் காத்திருக்க வேண்டும். கிருமி இருந்தால் விடை முந்தி வரும், இல்லாவிட்டால் பிந்தி வரும் என்பதை நினைவில் வைத்திருங்கள். மூன்றாம் வாரத்திலும் செய்தி வராதது கெட்ட செய்தி அல்ல.

இனி, உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு விடயத்துக்கு வருகிறேன். எனக்கு அதுவே பெரிதாகப் படுகிறது. பத்து நாள் லெவோஃப்ளொக்சசின். அது நியூமோனியா போன்ற தொற்றுகளுக்குக் கொடுக்கப்படும் மருந்து; அதே வேளை காசநோய்க் கிருமியையும் நன்றாகத் தாக்கும். தனியாகப் பத்து நாள் கொடுத்தால் கிருமிகளில் ஒரு பெரும் பகுதி சாகும், நோயாளிக்குச் சுகமாக இருக்கும், சளியில் கிருமி குறைந்து தகட்டில் தெரியாமல் போகும், வளர்ப்பும் பிந்தும். மருந்து நின்றதும் எஞ்சியவை தலைதூக்கும். நீங்கள் எழுதிய கதை இதோடு பொருந்துகிறது. டொக்டரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. இந்தத் தகவல் கிளினிக்கிலுள்ள கோப்பில் இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி. மருந்தின் பெயர், தொடங்கிய திகதி, முடிந்த திகதி மூன்றையும் ஒரு தாளில் எழுதி அடுத்த தடவை கட்டாயம் கொடுங்கள். மருந்துச் சிட்டை இருந்தால் அதையே கொடுப்பது இன்னும் நல்லது.

இதை வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மருந்து எதிர்ப்பு கிருமிக்கு வெளியில் இருந்து வருவதில்லை. கிருமி பெருகும்போது தற்செயலாக நேரும் எழுத்துப் பிழையில் இருந்து வருகிறது. இன்னொரு முதன்மை மருந்தான ஐசோனியாசிட்டுக்கு எதிர்ப்புள்ளது ஏறத்தாழ பத்து இலட்சத்தில் ஒன்று, ரிஃபாம்பிசினுக்கு பத்துக் கோடியில் ஒன்று என்ற அளவில் அது நேர்கிறது. நுரையீரலில் குழி விழுந்தவரிடம் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கும். அங்கே ஒரே மருந்தைக் கொடுத்தால், அந்த மருந்துக்கு மசியாத சில மட்டும் மிஞ்சிப் பெருகும். 1940களின் பிற்பகுதியில் பிரித்தானியாவில் ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியாகக் கொடுத்துச் செய்த பரிசோதனையில் நோயாளிகள் முதலில் தேறி, பிறகு பலரிடம் மருந்துக்கு மசியாத கிருமி தோன்றியது இப்படித்தான். பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் இன்றைய முறை அந்த அனுபவத்தில் இருந்து வந்தது. லெவோஃப்ளொக்சசின் சேர்ந்த குடும்பத்து மருந்துகள், ரிஃபாம்பிசின் பலிக்காதபோது கைகொடுப்பவை. ஆகவே வளர்ப்பில் கிருமி வந்தால், இந்தக் குடும்பத்துக்கும் எதிர்ப்புப் பார்க்கலாமா என்று வைத்தியரிடம் கேட்பது நியாயமான கேள்வி.

எதிர்ப்பை எப்படிப் பார்க்கிறார்கள் என்றால், வழிகள் இரண்டு. ஒன்று, பரம்பரை அலகுகளில் மாற்றங்களைத் தேடுவது. ரிஃபாம்பிசினுக்கு ஜீன் எக்ஸ்பேர்ட் செய்வது இதைத்தான். ஆனால் சாதாரண ஜீன் எக்ஸ்பேர்ட் ஐசோனியாசிட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாது. 'ரிஃபாம்பிசின் எதிர்ப்பு இல்லை' என்ற வரியைப் பார்த்து எல்லா மருந்தும் வேலை செய்யும் என்று எண்ணிவிடுகிறார்கள், அது சரியல்ல. ஐசோனியாசிட்டுக்கு கட்ஜி, ஐஎன்எச்ஏ என்ற வேறு இடங்களைப் பார்க்க வேண்டும். லைன் புரோப் என்ற கீற்றுப் பரிசோதனை அவற்றைக் கோடுகளாகக் காட்டும். கட்ஜியில் மாற்றமென்றால் எதிர்ப்பு வலியது. ஐஎன்எச்ஏயில் மட்டும் என்றால் பெரும்பாலும் மெலியது, கூடிய அளவு ஐசோனியாசிட் சில வேளை உதவும். இரண்டாவது வழி, கிருமியை மருந்தோடு சேர்த்து வளர்த்துப் பார்ப்பது. மருந்துள்ள குழாயில் கிருமியை அப்படியே இடுவார்கள். மருந்தில்லாத குழாயில் நூறு மடங்கு ஐதாக்கி இடுவார்கள். இரண்டும் ஒரே வேகத்தில் வளர்ந்தால், நூற்றில் ஒன்றுக்குக் குறையாத பங்கு எதிர்ப்புடையது என்று பொருள். அந்த நிலையில் மருந்து பலிக்காது என்று எழுதுவோம். வளர்ப்பு கிடைத்த பின் இதற்கு இன்னும் ஒன்று இரண்டு வாரம் தேவை.

இரு வழிகளும் எப்போதும் ஒத்துப்போகும் என்று நான் சொல்ல மாட்டேன். 81 எழுத்துகளுக்கு வெளியே நிகழும் மாற்றத்தைக் கருவி காணாது. எஸ்வாட்டினி நாட்டில் அத்தகைய ஒரு வகை பரவியிருந்து தவறவிடப்பட்டது. மறுபக்கத்தில், சில மாற்றங்கள் ரிஃபாம்பிசின் எதிர்ப்பை மிக மெல்லியதாகவே தருவதால் திரவ வளர்ப்பு அவற்றைக் கண்டுகொள்ளவில்லை. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2021இல் திரவ ஊடகத்தில் ரிஃபாம்பிசினுக்கான எல்லை அளவை, அதாவது குழாயில் இடும் மருந்தின் அளவை, ஒரு மில்லிலீற்றருக்கு 1 மைக்ரோகிராமில் இருந்து 0.5க்குக் குறைத்தது. இரண்டு அறிக்கைகள் மோதினால் அதைத் தீர்க்க வேண்டியவர்கள் நாங்கள். நோயாளியின் குடும்பம் அல்ல. இலங்கையில் அதற்கென வெலிசறையில் தேசிய காசநோய் உசாத்துணை ஆய்வுகூடம் இருக்கிறது. இந்த நாட்டில் புதிதாகக் காசநோய் வருபவர்களில் பன்மருந்து எதிர்ப்பு, அதாவது ரிஃபாம்பிசின், ஐசோனியாசிட் இரண்டுமே பலிக்காத நிலை, மிகக் குறைவு. முன்பு சிகிச்சை பெற்றவர்களில் அது கூடுதல் என்பதால்தான் உங்கள் தந்தையாரின் விடயத்தில் கிளினிக் கூடுதல் கவனம் எடுக்கிறது. அவர் முந்தைய குளிசைகளை முழுமையாக முடித்திருப்பது அவருக்குச் சாதகமானது.

மாமாவின் இரத்தப் பரிசோதனைக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லலாம். காசநோய்க்கு எதிரான பிறபொருளெதிரிகளை இரத்தத்தில் தேடும் பரிசோதனைகளை நோயறியப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளிப்படையாகவே அறிவித்தது. இன்டர்பெரோன் காமா பார்க்கும் இரத்தப் பரிசோதனையும் தோலில் ஊசியிடும் மன்டூ பரிசோதனையும் வேறு வகை. உடம்பு எப்போதாவது இந்தக் கிருமியைச் சந்தித்ததா என்பதைத்தான் அவை சொல்லும். முன்பே காசநோய் வந்த ஒருவருக்கு அதைக் காசு கொடுத்துக் கேட்பதில் பயனில்லை. அந்தக் காசுக்கு நல்ல பால், முட்டை வாங்கிக் கொடுங்கள்.

சென்னைக்குப் போனாலும் கிருமி அங்கே வேகமாக வளராது. அதே சளி, அதே கருவி, அதே ஆறு வாரம். ஆனால் சென்னையைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்றை உங்கள் தாயாருக்குச் சொல்லுங்கள். 1950களின் பிற்பகுதியில் அந்நகரில் நடந்த ஆய்வொன்று, காசநோயாளிகளைச் சானட்டோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் வைத்து மருந்து கொடுப்பதையும் நெரிசலான வீடுகளில் இருக்கவிட்டே கொடுப்பதையும் ஒப்பிட்டது. வீட்டில் மருந்தெடுத்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமடைந்தார்கள். அவர்களோடு வாழ்ந்த குடும்பத்தவருக்கு அதனால் நோய் கூடவும் இல்லை. தட்டு, கோப்பை பற்றிய உங்கள் கேள்விக்கும் அதிலேயே விடை உண்டு. இது காற்றால் பரவும் நோய், பாத்திரத்தால் பரவுவதில்லை. பாத்திரங்களைப் பிரித்து அவரை மனம் நோகவைக்காதீர்கள். யன்னல்களைத் திறந்து வையுங்கள், முடிவு தெரியும் வரை அவர் தனியறையில் படுக்கட்டும், இருமும்போது வாயை மூடட்டும், மற்றவர்களோடு இருக்கையில் முகக்கவசம் அணியட்டும்.

இப்போது உங்கள் கையில் உண்மையாகவே இருக்கும் வேலை: அடுத்த சளி. எங்களுக்கு வரும் சளிப் போத்தல்களில் கணிசமானவற்றில் இருப்பது எச்சில்தான். எச்சில் என்றால் எந்தக் கருவியும் கிருமியைத் தவறவிடக் கூடும். காலையில் எழுந்ததும், சாப்பிடுவதற்கு முன், வெறும் தண்ணீரால் வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். கிருமிநாசினி வாய்கழுவி வேண்டாம், அது எங்களுக்கு வேண்டியதையும் கொன்றுவிடும். மொட்டைமாடியிலோ முற்றத்திலோ, மற்றவர்கள் இல்லாத திறந்த இடத்தில் நின்று, இரண்டு மூன்று தடவை ஆழமாக மூச்செடுத்து, நெஞ்சின் அடியில் இருந்து இருமி வரும் கெட்டியான சளியைப் போத்தலில் துப்ப வேண்டும். மூன்று முதல் ஐந்து மில்லிலீற்றர், அதாவது ஒரு தேக்கரண்டி அளவு, போதும். மூடியை இறுக்கி, பெயரையும் திகதியையும் நேரத்தையும் போத்தலின் உடம்பில் எழுதுங்கள், மூடியில் அல்ல. நான் வேலை பழகிய ஓரிடத்தில் ஒரே நேரத்தில் திறந்த இரண்டு போத்தல்களின் மூடிகள் மாறிப்போய், இருவரையும் திரும்ப அழைத்துச் சளி கேட்க நேர்ந்தது. வெயில் படாமல் அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள். கொஞ்சம் பிந்துமானால் குளிர்சாதனப்பெட்டியின் கீழ்த் தட்டில், ஒரு பைக்குள் கட்டி வைக்கலாம், உறையவைக்கக் கூடாது. சளி வரவே இல்லை என்றால் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட வேண்டாம். உப்புநீர் ஆவி பிடிக்கவைத்துச் சளி எடுக்கும் வசதி உண்டா என்று கிளினிக்கில் கேளுங்கள்.

வளர்ப்பு அறிக்கையில் 'வேற்றுக் கிருமி கலந்துவிட்டது' என்று வந்தால் பதறாதீர்கள். வாயிலுள்ள பற்றீரியாக்களைக் கொல்லச் சளியைச் சோடியம் ஐதரொட்சைட்டில் நனைக்கிறோம். மிதமிஞ்சினால் காசநோய்க் கிருமியும் சாகும், குறைந்தால் மற்றவை முந்தி வளர்ந்துவிடும். அப்படி நேர்ந்தால் இன்னொரு சளி கேட்பார்கள். 'காசநோய் அல்லாத மைக்கோபற்றீரியா' என்று வந்தால், அது மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் உறவுக்காரக் கிருமி. ஒரு தடவை வந்ததை வைத்து எதுவும் முடிவாகாது.

சிகிச்சை தொடங்கினால், ஜீன் எக்ஸ்பேர்ட்டை மறுபடி செய்து குணமாகிறதா என்று பார்க்கச் சொல்லி வைத்தியரை வற்புறுத்தாதீர்கள். செத்த கிருமியும் அதில் தெரியும் என்று மேலே சொன்னேன். அதற்குத் தகடும் வளர்ப்பும்தான். சர்க்கரைக்கும் எச்.ஐ.வி.க்கும் இரத்தம் கேட்டால் தயங்காமல் கொடுக்கட்டும். காசநோய் சந்தேகிக்கப்படும் எவரிடமும் கேட்பதுதான், அவரைப் பற்றிய ஐயம் எதுவும் அதில் இல்லை.

கடையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மூடிய கடைக்குள் நாள் முழுவதும் பலரோடு உட்காரும் வேலை என்பதால், இரண்டாவது சளியின் ஜீன் எக்ஸ்பேர்ட் முடிவு வரும் வரையாவது அவர் வீட்டில் இருக்கட்டும். அந்தப் பரிசோதனை இரண்டு மணித்தியாலத்தில் முடிவது. சளி நன்றாக இருந்தால் சில நாட்களில் விடை கையில் இருக்கும். விடுமுறைக் கடிதம் தேவையென்றால் கிளினிக்கில் கேளுங்கள்; அதில் நோயின் பெயரை எழுத வேண்டாம் என்றும் கேட்கலாம்.